கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்க வீடு: வாங்கலாமா, எந்த விலைக்கு?

வேலூர்க் கோட்டையின் கிழக்கு அகழிக்கும் லாங்கு பஜாருக்கும் இடைப்பட்ட பழைய நகர்ப்பகுதியில், கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் ஒன்று 1980களின் இறுதியில் தன் உறுப்பினர்களுக்காகக் கட்டிய அடுக்குமாடியில், இரண்டாம் தளத்து வீடு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. தரைத்தளமும் மேலே மூன்று தளங்களும் சேர்த்துப் பன்னிரண்டு வீடுகள், லிஃப்ட் கிடையாது, 720 சதுர அடியில் இரண்டு படுக்கையறைகள், கேட்கும் விலை 42 லட்சம். ஆரணியில் பணி ஓய்வு பெற்ற என் அக்காவும் மாமாவும் வேலூருக்கே குடிவந்துவிட விரும்புவதால், அவர்களுக்காக இந்த வீட்டைப் பார்த்தேன். வீட்டைப் பார்த்ததைவிட அதன் ஆவணங்களைப் படிப்பதற்கே அதிக நேரம் செலவிட்டேன். குடியிருப்பதற்கு இது நல்ல வீடு. ஆனால் கேட்கப்படும் விலையில் ஒரு பகுதி வீட்டுக்கானதாக இல்லாமல், அந்த மனையின்மேல் பின்னொரு நாள் எழும்பும் என்று தரகர் சொல்கிற புதிய கட்டடத்துக்கானதாக இருக்கிறது. அந்தப் பகுதியை யாரும் கொடுக்க வேண்டியதில்லை என்று நான் ஏன் நினைக்கிறேன் என்பதை, இதே வட்டாரத்தில் வீடு தேடுகிறவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காய்கறிக்கு நேதாஜி மார்க்கெட், மளிகைக்கு லாங்கு பஜார், மருத்துவத்துக்கு சி.எம்.சி. என்று முதியவர்களுக்கு வேண்டிய எல்லாமே நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. காலையில் அகழிக் கரைப் பூங்காவில் நடக்கலாம். ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு ஆட்டோ வேண்டாம். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அந்தக் கோட்டையின் கருங்கல் மதிலை இந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து பார்க்க முடிகிறது. மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத்தூணும் தொலைவில் இல்லை. இப்படி ஓர் இடத்தில் வாழ்வதை நான் பெரிய பேறாகவே நினைக்கிறேன். சத்துவாச்சாரியிலும் காட்பாடி காந்தி நகரிலும் அகலமான தெருவும் கார் நிறுத்த இடமும் கிடைக்கும். ஆனால் இந்த ஊரின் நடுவில் இருக்கிறோம் என்ற உணர்வு அங்கே கிடைக்காது. குறையும் உண்டு. தெரு குறுகலானது, சரக்கு இறக்கும் லோடு ஆட்டோ ஒன்று நின்றுவிட்டால் எதிரே வரும் வண்டி பின்வாங்கித்தான் ஆக வேண்டும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வாசல்வரை வருமா என்று பார்த்தேன். தெருமுனைவரை வரும், அங்கிருந்து ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டு போக வேண்டியிருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்தவுடன் கவனத்தில் படுவது காற்றோட்டம். கூடத்துக்குக் கிழக்கிலும் சமையலறைக்கு மேற்கிலும் ஜன்னல்கள் நேருக்கு நேர் அமைந்திருக்கின்றன. இரண்டையும் திறந்து வைத்தால் மின்விசிறி இல்லாமலே உட்கார முடிகிறது. சுற்றிலும் பாறைக் குன்றுகள் நிற்கிற, மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டுகிற இந்த ஊரில் அது சின்ன விஷயம் அல்ல. மேலே இன்னொரு தளம் இருப்பதால் கூரைச் சூடு நேராக இறங்குவதில்லை. மூன்றாம் தளத்து வீடுகளைவிட இது குளிர்ச்சியாக இருப்பதற்கு அதுவே காரணம். மொசைக் தரை இன்றும் பளபளப்பாக இருக்கிறது. கடப்பா கல் பதித்த அலமாரிகளும், இரண்டு அறைகளிலும் ஆள் ஏறி உட்காரக்கூடிய பரண்களும், தேக்கு நிலைக்கதவும் அந்தக் காலத்துக் கட்டுமானத்தின் தாராளத்தைக் காட்டுகின்றன. இன்றைக்கு இதே பரப்பில் கட்டப்படும் புது வீடுகளில் பரண் என்ற ஒன்றையே காண முடிவதில்லை. பித்தளைப் பாத்திரங்களும் பழைய டிரங்குப் பெட்டிகளும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது குடியேறிய பிறகுதான் தெரியும்.

குளியலறைக் கூரையைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள், ஆனால் மூலையில் சுண்ணாம்பைத் தாண்டி ஒரு பழுப்புக் கோடு கசிந்து வந்திருந்தது. விரல் மடக்கித் தட்டியபோது ஓரிடத்தில் கெட்டியாகவும் அடுத்த அடியில் உள்ளே காலியாக இருப்பதுபோலவும் ஒலித்தது. விற்பவரின் அனுமதியோடு ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்த்ததில், உள்ளே இருந்த கம்பி துருவேறி உப்பி, அடுக்கடுக்காக உரிந்து வந்தது. இந்த வயதுக் கட்டடங்களில் இது எதிர்பாராதது அல்ல. கான்கிரீட்டின் காரத்தன்மை இருக்கும்வரை உள்ளே கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தன்மையைக் குறைத்துவிட்ட பிறகு, ஈரம் பட்டால் போதும், துரு தொடங்கிவிடும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கீழேயுள்ள காரையைத் தள்ளிப் பெயர்க்கிறது. இங்கே ஈரம் மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து இறங்குகிறது. ஆகவே, கீழே எவ்வளவு பூசினாலும் மேலே தரையைப் பிரித்து நீர்க்காப்பு செய்யாதவரை பயனில்லை. அதற்கு மேல் வீட்டுக்காரரின் சம்மதமும் சங்கத்தின் தீர்மானமும் தேவை. தளர்ந்த காரையை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூசி, தேவையான இடத்தில் புதுக் கம்பி கட்டி, பாலிமர் கலவையால் பூச வேண்டும். சாதாரணக் கொத்தனார் சிமென்ட் அப்பிவிட்டுப் போகும் வேலை இது அல்ல.

படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு கீறல் இருக்கிறது. 2021 நவம்பர் இறுதியில் வேலூரை உலுக்கிய லேசான நில அதிர்வில் வந்தது என்று குடியிருப்பவர்கள் சொல்கிறார்கள். அதன் விளிம்புகளில் படிந்திருக்கும் பழைய பெயிண்டைப் பார்த்தால் அதற்கும் முந்தையதாகவே எனக்குத் தோன்றுகிறது. எப்படியிருந்தாலும் கீறலின் குறுக்கே ஜிப்சம் பட்டை ஒன்றைப் பூசித் தேதி எழுதி வைத்தால், அது வெடிக்கிறதா இல்லையா என்பதிலிருந்து கீறல் இன்னும் நகர்கிறதா என்று தெரிந்துவிடும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிச் சென்றால் இதையும், கட்டடத்தின் மீதமுள்ள ஆயுளையும் எழுத்தில் வாங்கலாம். பழைய கட்டடத்துக்குக் கடன் தர வங்கிகள் அந்தச் சான்றைக் கேட்கக்கூடும் என்பதால், இந்தச் செலவு எப்படியும் வரப்போவதுதான்.

தண்ணீரைப் பொறுத்தவரை மாநகராட்சிக் குடிநீர் கீழே உள்ள தொட்டியில் விழுகிறது. மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் ஊருக்கு வந்த பிறகு இந்தப் பகுதியின் நிலைமை மேம்பட்டிருக்கிறது. புழக்கத்துக்கு ஆழ்துளைக் கிணறு. நீர் சற்று உப்பு. எனக்குக் கவலை தந்தது தொட்டியின் வாய். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் ஒவ்வொரு முறையும் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து, கட்டடத்தின் முற்றம் இரண்டு படி கீழே போய்விட்டது. தொட்டி மூடியின் விளிம்பு இன்றைய தெரு மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் பெருமழை பெய்தால் தெருத் தண்ணீர் குடிநீரில் கலக்கும் நிலை. விளிம்பை உயர்த்திக் கட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது. இத்தனை ஆண்டுகள் அதைச் செய்யாமல் விட்டிருப்பது சங்கத்தின் நிர்வாகத்தைப் பற்றி நமக்கு ஒரு செய்தி சொல்கிறது.

அந்த நிர்வாகம்தான் இந்த வீட்டின் உண்மையான சோதனை. தனியார் கட்டுநர் விற்ற வீடு என்றால் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். கூட்டுறவுச் சங்க வீட்டில் சுவர்களோடு சேர்த்து ஓர் உறுப்பினர் தகுதியையும் வாங்குகிறோம். அந்தச் சங்கத்தின் கணக்கும் கடனும் தீர்மானங்களும் நம்மைக் கட்டுப்படுத்தும். மும்பையின் வீட்டுவசதிச் சங்கங்களில் பங்குச் சான்றிதழை மாற்றிக் கொடுப்பதே விற்பனையின் உயிர்நாடி. நம் ஊரில் வங்கியும் சார்பதிவாளரும் எதிர்பார்ப்பது, சங்கம் உறுப்பினருக்கு எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரத்தையும், அதில் சொல்லப்பட்ட பிரிபடாத மனைப்பங்கையும், அதாவது பொது மனையில் அந்த வீட்டுக்கு உரிய பங்கையும். இந்த வீட்டுக்குக் கிரயப் பத்திரம் இருக்கிறது. அது பெரிய ஆறுதல். ஆனால் மனைப்பங்கு "பன்னிரண்டில் ஒரு பங்கு" என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. சதுர அடி இல்லை. மூலப்பத்திரத்தின்படி மொத்த மனை 4,800 சதுர அடி என்பதால் 400 சதுர அடி என்று நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் புதிய பத்திரத்தில் அதை எண்ணாலும் எழுத்தாலும் தெளிவாக எழுதச் செய்ய வேண்டும். பட்டா பற்றிக் கேட்டபோது, தரைத்தளத்தில் தொடக்க நாளிலிருந்தே குடியிருக்கும் அம்மா ஒருவர், "பட்டா இன்னும் சங்கத்து பேர்லதான் கீதுப்பா, யாரும் மாத்தல" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். தரகர் சொல்லாத செய்தி அது. அவருக்கு நான் நன்றி சொன்னேன்.

வில்லங்கச் சான்றை 1985இலிருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டடம் கட்டுவதற்காகச் சங்கம் முழு மனையையும் அடமானம் வைத்துக் கடன் வாங்கிய பதிவு அதில் இருக்கிறது. அந்த அடமானம் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு இல்லை. உறுப்பினர்கள் எல்லாரும் தவணைகளைக் கட்டி முடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள், கட்டிய சீட்டுகளையும் காட்டுகிறார்கள். நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் இல்லை. என்றாலும், கடன் கொடுத்த நிறுவனம் அடமான ரத்துப் பத்திரம் எழுதிக்கொடுத்து அது பதிவாகும்வரை, சட்டத்தின் கண்ணில் பன்னிரண்டு வீடுகளின்மேலும் அந்தச் சுமை நிற்கிறது. இதை முடித்துக்கொடுக்க வேண்டியது சங்கம். தற்போது சங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர் ஒருவரின் பொறுப்பில் இருக்கிறது. அவர் பல சங்கங்களைச் சேர்த்துப் பார்க்கிறவர். மரியாதையாகவே பேசினார், கோப்பைத் தேடித் தருவதாகவும் சொன்னார். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி சங்கத்தின் கணக்குகள் தணிக்கைக்கு உட்பட்டவை. வாங்க நினைப்பவர் கடைசித் தணிக்கை அறிக்கையையும் பொதுக்குழுத் தீர்மானப் புத்தகத்தையும் கேட்டுப் பார்க்கத் தயங்கக் கூடாது. உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் தகராறு வந்தால் அது அந்தச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளரிடம் போக வேண்டியது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பக்கத்து வீட்டுக்காரரோடு வரும் தாவாவைப்போல இது நேராக சிவில் நீதிமன்றத்துக்குப் போவதல்ல.

விற்பவர், காலமான மூல உறுப்பினரின் மூத்த மகன். சங்கப் பதிவேட்டில் நியமனதாரராக அவர் பெயர் இருப்பதால் தான் ஒருவரே கையெழுத்திட்டால் போதும் என்று நினைக்கிறார். நியமனம் என்பது உறுப்பினர் இறந்தபின் யாரோடு கணக்கு வைத்துக்கொள்வது என்று சங்கத்துக்குச் சொல்லும் ஏற்பாடு. அது வாரிசுரிமையை அழித்துவிடாது. உயில் எதுவும் இல்லாத நிலையில் அவருடைய தாயாருக்கும் இரண்டு தங்கைகளுக்கும் சமபங்கு உண்டு. தங்கைகளில் ஒருவர் குடியாத்தத்திலும் ஒருவர் பெங்களூரிலும் இருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழைப் பெற்று, நால்வரும் சேர்ந்து எழுதிக்கொடுக்கும் பத்திரத்தைத் தவிர வேறு எதையும் ஏற்கக் கூடாது. இதைச் சொன்னபோது அவர் முகம் வாடினாலும் மறுக்கவில்லை. குடும்பத்தில் பிணக்கு இல்லை என்பதும் பேச்சில் தெரிந்தது.

இனி விலைக்கு வருகிறேன். தரகர் திரும்பத் திரும்பச் சொன்னது, "சார், இந்த வீட்டைப் பார்க்காதீங்க, அடியில இருக்கிற நிலத்தைப் பாருங்க" என்பதுதான். பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுநரிடம் மனையைக் கொடுத்தால் ஐந்து, ஆறு மாடி எழும்பும், ஆளுக்கு ஒரு புது வீடும் கையில் பணமும் கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. சென்னையில் எண்பதுகளின் குடியிருப்புகள் அப்படி இடித்துக் கட்டப்படுவது உண்மைதான். இங்கே கோட்டை இருக்கிறது. வேலூர்க் கோட்டை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி; அங்கே புதுக் கட்டடமே கூடாது, இருப்பதைப் பழுதுபார்க்கவும் அனுமதி தேவை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி; அங்கே கட்டுவதற்கும் இடித்துக் கட்டுவதற்கும் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையோடு அனுமதி பெற வேண்டும். நான் பார்த்த அளவில் இந்தக் கட்டடம் இரண்டாவது வட்டத்துக்குள் விழுகிறது. இருக்கிற உயரத்துக்கு மேலே எத்தனை தளம் அனுமதிப்பார்கள் என்பதற்கு இன்று யாராலும் உறுதி தர முடியாது. இதோடு பன்னிரண்டு குடும்பங்களின் சம்மதம், அடமான ரத்து, பட்டா, குறுகிய தெருவுக்கு உரிய கட்டட விதிகள் எல்லாம் சேர வேண்டும். மொட்டை மாடியிலிருந்து மதிலைப் பார்த்து மகிழ்கிறோமே, அந்த மகிழ்ச்சியைப் பாதுகாக்கும் சட்டமே மேலே மேலே கட்டுவதற்கு வரம்பும் வைக்கிறது. அது நியாயமான வரம்பு என்றே நான் கருதுகிறேன். கோட்டையைச் சுற்றி எட்டு மாடிகள் எழும்பினால் வேலூருக்கு வேலூர் என்ற அடையாளம் ஏது?

வாடகை வருமானம் பற்றிய பேச்சையும் இதே கவனத்தோடு கேட்க வேண்டும். சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகிறார்கள். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் வங்க எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த விடுதிகள் வரிசையாக இருப்பது அதனால்தான். அறை அறையாகப் பிரித்து நாள் வாடகைக்கு விட்டால் நல்ல பணம் என்று சொல்கிறார்கள். இந்தச் சங்கத்தின் துணைவிதிகள் வீடுகளைக் குடியிருப்பாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறுகின்றன. நோயாளியோடு வரும் குடும்பங்களின் தேவை உண்மையானது, அவர்கள்மேல் எனக்குப் பரிவு உண்டு. ஆனால் ஒரே தண்ணீர்த் தொட்டியையும் ஒரே படிக்கட்டையும் பகிர்ந்துகொள்ளும் பன்னிரண்டு வீடுகளுக்கு நடுவில் விடுதி நடத்துவது மற்ற பதினொரு குடும்பங்களுக்குச் செய்யும் அநீதி. ஆண்டுக் குத்தகையில் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதற்குத் தடை இல்லை. அந்த வாடகையை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குகிறவர் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செலவு ஒன்றும் உண்டு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். 42 லட்சத்துக்கு அதுவே 3 லட்சத்து 78 ஆயிரம். புதிய அடுக்குமாடி வீடுகளின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட குறைந்த விகிதம் இது போன்ற மறுவிற்பனைக்குக் கிடையாது. குளியலறைக் கூரை, மின்கம்பிகளை மாற்றுவது, தொட்டி வேலையில் நம் பங்கு எல்லாம் அதன் மேல் வரும்.

ஆகவே, எதிர்காலக் கட்டடத்தின் கனவையும் விடுதி வருமானத்தையும் கழித்துவிட்டு, காற்றோட்டமான, நன்றாகக் கட்டப்பட்ட, நகரின் நடுவில் இருக்கிற, பழுது பார்க்க வேண்டிய ஒரு பழைய வீடு என்று மட்டும் பார்த்தால், 34 லட்சம் இதற்கு மதிப்பான விலை. அடமான ரத்துப் பத்திரத்தை விற்பவரே முன்னின்று பதிவு செய்து கொடுத்தால் 35 வரை போகலாம். முதலீடாக நினைத்து வாங்குகிறவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். குடியிருக்க வாங்குகிறவர்களில், படியேறக்கூடிய வயதினருக்கும், சி.எம்.சி.யில் வேலை பார்க்கும் செவிலியர் குடும்பங்களுக்கும், பஜாரில் கடை வைத்திருப்பவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். எங்கள் மாமாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் இரண்டு மாடி ஏறுவதுதான் எங்கள் வீட்டில் இன்னும் பேச்சாக இருக்கிறது. அவர்கள் சரி என்றால், முன்பணமாக ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்காமல், நான்கு வாரிசுகளும் கையெழுத்திடும் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, அடமான ரத்தும் சங்கத்தின் தடையின்மைச் சான்றும் கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் கிரயம் என்று அதில் எழுதிக்கொள்ளப் போகிறோம். அவை வராமலே போனால் முன்பணத்தைத் திருப்பித் தர விற்பவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.